மூணுக்கு இடம், எழுதினது நாலு: 'கோஸ்ட்' பிழையின் கதை

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

சென்னையிலிருந்து திருப்பதி போற ரோட்டில், திருவள்ளூர் தாண்டி, திருத்தணி வர்றதுக்கு முன்னாடி கனகம்மாசத்திரம்னு ஒரு ஊர் வரும். பஸ் ரெண்டு நிமிஷம் நிற்கும், யாராவது இறங்குவாங்க, கிளம்பிடும். இன்னைக்கு எபிசோடை அங்கிருந்து தொடங்கறதுக்குக் காரணம் அந்தப் பேர்தான். எவ்வளவு நீளம் பார்த்தீங்களா? அந்த நீளம் நமக்குப் பின்னாடி வேலைக்கு ஆகும்.

முதல்ல, அந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு பழைய கதை. திருத்தணி ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டம். 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூரோடு சேர்ந்து அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கர் தலைமையில் நடந்த பேச்சு, அதன்மேல் 1959-ல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. முருகன் அதே மலையில்தான் இருந்தார். பேர் மாறவில்லை. ஆனால் கடிதத்து மேல எழுதுற மாவட்டம் மட்டும் ரெண்டு தடவை மாறியிருக்கு.

இன்டர்நெட்டில் பேரும் முகவரியும் தனித்தனியா இருக்கறதுக்குக் காரணமும் இதேதான். நாம ஒரு வெப்சைட் பேரை டைப் பண்றோம். கம்ப்யூட்டருக்கு வேண்டியது எண். அந்த எண் நாளைக்கு மாறலாம், பேர் அப்படியே இருக்கணும். பேரைக் கொடுத்தா எண்ணைக் கண்டுபிடிச்சுத் தர்ற வேலைக்குத்தான் டி.என்.எஸ்.னு பேர். இது வரைக்கும் உங்களில் நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். இன்னைக்கு நாம பேசப்போறது அந்த வேலையைச் செய்யற நிரலுக்கு உள்ளே, பேரை எழுதி வைக்கற இடத்தில், 14 வருஷம் கண்ணில் படாம இருந்த ஒரு கூட்டல் தப்பைப் பத்தி. அது திருத்தப்பட்ட பிறகும் ஏன் திருத்தப்படாமலே கிடந்தது என்பதைப் பத்தியும்தான்.

பேங்க் ஃபார்ம், எக்ஸாம் அப்ளிகேஷன் எல்லாத்திலயும் ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம் போட்டிருப்பாங்க, ஞாபகம் இருக்கா? ஊர் பேருக்கு 12 கட்டம்னு வச்சுக்கோங்க. பக்கத்திலேயே, கோடு கூட விடாம, பின்கோடுக்கு 6 கட்டம். கனகம்மாசத்திரத்தை ஆங்கிலத்தில் எழுதினா 16 எழுத்து. மனுஷன் எழுதினா 12-ல் நிறுத்திட்டு மேலே நெருக்கி எழுதுவான். மெஷின் எழுதினா? நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலைன்னா, மிச்சம் 4 எழுத்தையும் பின்கோடு கட்டத்தில் எழுதிட்டுப் போயிடும். அப்புறம் ஃபார்மைப் படிக்கறவர் அந்த 4 எழுத்தைப் பின்கோடுன்னே எடுத்துப்பார். பஃபர் ஓவர்ஃப்ளோ என்று சொல்வது இதைத்தான். ஒதுக்கின இடத்தைத் தாண்டி எழுதறது. பக்கத்துக் கட்டத்தில் என்ன இருந்ததோ அது கெட்டுப்போகும். கெட்டுப்போறது பின்கோடுன்னா தபால் தவறும். அடுத்து எந்த வேலையைச் செய்யணும்னு கம்ப்யூட்டர் குறிச்சு வச்சிருக்கற இடம்னா, எழுதினவன் கையில் கம்ப்யூட்டர் போயிடும்.

(ஒரு சின்ன இடைச்செருகல். தமிழில் கனகம்மாசத்திரம் பத்தே எழுத்து. ஆனால் யூனிகோடு கணக்கில் மெய்க்குப் புள்ளி தனி, துணைக்கால் தனி, கொக்கி தனி. மொத்தம் 15 குறி, இன்று வழக்கில் இருக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 45 பைட். நாம எண்ணற நீளமும் மெஷின் எண்ணற நீளமும் ஒன்னில்லை. இதை மனசில் வச்சுக்கோங்க.)

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

டி.என்.எஸ். வருவதற்கு முன்னால் பேர்களெல்லாம் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபெய்ன்லர் தலைமையில் ஒரு சிறு குழு அந்தக் கோப்பைப் பராமரித்தது. புதுக் கம்ப்யூட்டரை வலையில் சேர்க்க வேண்டுமானால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார்கள், மற்றவர்கள் எல்லாரும் அந்தப் பட்டியலை இறக்கிக்கொள்வார்கள். வலை சின்னதாக இருந்தவரை இது நடந்தது. பெருகியபோது நடக்கவில்லை. ஜான் போஸ்டல் கேட்டுக்கொண்டதன்பேரில் பால் மொக்காபெட்ரிஸ் புது முறையை வடிவமைத்தார். 1983 நவம்பரில் அதன் முதல் இரண்டு ஆவணங்கள் வெளியாயின. ஒரே பட்டியலுக்குப் பதிலாக, ஒவ்வொரு நிறுவனமும் தன் பேர்களைத் தானே வைத்துக்கொண்டு, கேட்டவருக்குப் பதில் சொல்லும் ஏற்பாடு.

அந்த முறையை யுனிக்ஸில் எழுதியவர்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் நான்கு பட்டமேற்படிப்பு மாணவர்கள். அந்த நிரலுக்கு 'பைண்ட்' என்று பேர். எழுதிய மொழி சி. இன்றைக்கும் உலகில் பரவலாக ஓடும் டி.என்.எஸ். சர்வர்களில் ஒன்று அந்தப் பேரில்தான் இருக்கிறது.

சி மொழி 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. அன்றைய மெஷின்களில் மெமரி மிகக் குறைவு. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் 'இடம் இருக்கா' என்று மொழியே சோதித்துக்கொண்டிருந்தால் வேகம் போய்விடும். அதனால் அந்தப் பொறுப்பு எழுதுகிறவரிடம் விடப்பட்டது. 12 கட்டத்தில் 16 எழுத்தை எழுதச் சொன்னால் சி எழுதும். கேள்வி கேட்காது. இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த வேகத்தில்தான் இன்டர்நெட்டே எழும்பி நின்றது. ஆனால் டி.என்.எஸ். மாதிரி ஒரு வேலைக்கு அது ஆபத்தான ஜோடி. ஏன்னா இங்கே வர்ற தகவல் எல்லாமே முகம் தெரியாத ஆள் அனுப்பறது. போதாததற்கு, டி.என்.எஸ். பேக்கெட்டில் ஒவ்வொரு பேர்த்துண்டுக்கு முன்னாலும் அதன் நீளம் ஓர் எண்ணாக வரும். 'அடுத்து 7 எழுத்து வருது' என்று அனுப்புகிறவனே சொல்கிறான். அவன் சொல்ற நீளத்தை நம்பி எழுதினா என்ன ஆகும்?

என்ன ஆச்சுன்னு 2001-ல் பார்த்தாங்க. அந்த ஜனவரி 29 அன்று, பைண்ட் எட்டாம் பதிப்பில் ஒரு ஓவர்ஃப்ளோ இருப்பதாக அமெரிக்காவின் செர்ட் மையம் எச்சரித்தது. கொடுமை என்னவென்றால், பிழை இருந்தது பாதுகாப்புக்காகச் சேர்த்த பகுதியில். செய்தி உண்மையானவரிடமிருந்துதான் வந்ததா என்று கையொப்பம் பார்க்கும் பகுதி அது. கையொப்பம் சரியில்லாதபோது பிழைச்செய்தி தயாரிக்கும் வழியில் நீளக் கணக்கு தப்பியது. அதாவது பூட்டில்தான் ஓட்டை. இரண்டே மாதத்தில், மார்ச்சில், 'லயன்' என்ற புழு நிரல் அந்த ஓட்டை வழியாக லினக்ஸ் சர்வர்களில் நுழைந்தது. பாஸ்வேர்டு கோப்பைச் சீனாவில் இருந்த ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பிவிட்டு, தன்னை மறைத்துக்கொள்ள வேறு நிரல்களை நிறுவிவிட்டு, அடுத்த மெஷினைத் தேடிப் போனது. பேட்ச் ஏற்கெனவே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

லயன் கதையில் குறைந்தபட்சம் ஒரு நல்ல விஷயம், எல்லாருக்கும் அபாயம் தெரிந்திருந்தது. இனி சொல்லப்போற கதையில் அதுவும் இல்லை.

இதுவரை பேசியது பதில் சொல்லும் சர்வரைப் பற்றி. கேள்வி கேட்கும் பக்கமும் ஒன்று இருக்கு இல்லையா? லினக்ஸில் எந்த நிரலுக்கும், அது பிரவுசரோ மெயில் சர்வரோ எதுவானாலும், 'இந்தப் பேருக்கு என்ன எண்?' என்று கேட்க ஒரு பொதுவான வாசல் உண்டு. ஜி-லிப்-சி என்று சொல்லும் குனூ சி லைப்ரரி. லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலான நிரல்கள் இதன் தோளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இதில் 'கெட்-ஹோஸ்ட்-பை-நேம்' என்று ஒரு பழைய ஃபங்ஷன். பேரைக் கொடுத்தால் எண்ணைத் தரும்.

சிலசமயம் நிரல்கள் பேருக்குப் பதிலாக எண்ணையே கொடுத்துவிடும். எண்ணுக்கு எண் கேட்டு வலையில் அலைவது வீண்தானே? அதனால், வந்தது வெறும் இலக்கமும் புள்ளியுமாக இருந்தால் டி.என்.எஸ்.ஸிடம் போகாமல் அங்கேயே முடித்துக்கொள்ள ஒரு குட்டி ஃபங்ஷன் உள்ளே எழுதப்பட்டிருந்தது. நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட சிக்கனம். அது நான்கு விஷயங்களை ஒரே பஃபரில் அடுத்தடுத்து வைக்க வேண்டும். முதலில் முகவரி. அடுத்து முகவரிப் பட்டியல் எங்கே என்று காட்டும் சுட்டி. அடுத்து மாற்றுப்பெயர்ப் பட்டியல் எங்கே என்று காட்டும் சுட்டி. கடைசியில் பேர்.

எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்ட வரியில் மூன்றுதான் கூட்டப்பட்டிருந்தன. மாற்றுப்பெயர்ச் சுட்டி விட்டுப்போயிருந்தது.

எனக்கு இதில் பிடித்த இடம் ஒன்று உண்டு. வெறும் எண்ணாக வந்த பேருக்கு மாற்றுப்பெயரே கிடையாது. அந்த இடத்தில் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். அதனால்தான் எண்ணும்போது விட்டுப்போச்சோ என்னவோ. ஆனால் ஃபார்மில் 'இல்லை' என்று எழுதவும் ஒரு கட்டம் வேண்டுமே! அந்த ஒரு கட்டம் 32 பிட் மெஷினில் 4 பைட், 64 பிட்டில் 8 பைட். அவ்வளவு நீளத்துக்குக் கடைசியில் இருக்கும் பேர் பஃபரைத் தாண்டி வழியும்.

இந்தக் கணக்கோடு ஜி-லிப்-சி 2.2 வெளியானது 2000 நவம்பர் 10 அன்று.

நாலு பைட் வழிஞ்சா என்ன பெரிய விஷயம்னு தோணலாம். அதுவும் வழியறது எது? இலக்கமும் புள்ளியும் மட்டும், கடைசியில் ஒரு வெற்று பைட். ஹேக்கர் கையில் பேனா கொடுத்து, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரைக்கும் ஒரு புள்ளியும் மட்டும்தான் எழுதலாம், அதுவும் நாலே எழுத்துன்னு சொன்ன மாதிரி. இதை வச்சு ஒரு சர்வரைப் பிடிக்க முடியுமா?

குவாலிஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள், நிரலை வரிவரியாகப் படிக்கும் தணிக்கை ஒன்றில் இதைக் கண்டுபிடித்தார்கள். முடியுமா என்று அவர்களும் முதலில் யோசித்திருப்பார்கள். பிறகு எக்சிம் என்ற மெயில் சர்வரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மெயில் சர்வர்கள் பேச ஆரம்பிக்கும்போது, வந்தவர் 'வணக்கம், என் பேர் இன்னது' என்று சொல்ல வேண்டும். சொன்ன பேர் நிஜம்தானா என்று சரிபார்க்கும்படி எக்சிமை அமைத்திருந்தால், அது அந்தப் பேரை கெட்-ஹோஸ்ட்-பை-நேமிடம் கொடுக்கும். ஆய்வாளர்கள் சொன்ன பேர் நெடுக வெறும் இலக்கங்கள், ஆயிரம் எழுத்துக்கும் மேலே.

டி.என்.எஸ். விதிப்படி ஒரு பேர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஒரு துண்டு 63 பைட்டைத் தாண்டக் கூடாது. 1987-லேயே எழுதப்பட்ட விதி. ஆனால் இந்தக் குட்டி ஃபங்ஷன் வேலையே டி.என்.எஸ். வாசலுக்குப் போகாமல் திருப்பி அனுப்புவதுதானே. வாசல்காரர் நீளம் பார்ப்பார், நாம் வாசலுக்கே போகலையே.

வழிந்த பைட்கள் மெமரியில் அடுத்திருந்த காலித் துண்டின் அளவைக் குறிக்கும் எண்ணின்மேல் விழுந்தன. உண்மையான அளவைவிடக் கொஞ்சம் பெரிய எண். இப்போது எக்சிம் அந்தத் துண்டு பெரியது என்று நம்பி, பிறர் இடத்தையும் சேர்த்து எழுதக் கொடுத்துவிடுகிறது. அங்கிருந்து படிப்படியாக, யாரை உள்ளே விடலாம் என்று எக்சிம் மெமரியில் வைத்திருந்த விதிகளின்மேலேயே எழுதி, தாங்கள் சொல்லும் கட்டளையை ஓட்ட வைத்தார்கள். நினைவக இடங்களைக் கலைத்துப் போடுவது உட்பட அன்றைக்கு இருந்த எல்லாக் காப்புகளையும் மீறி, 32 பிட்டிலும் 64 பிட்டிலும். மெயில் அனுப்பணும்னுகூட அவசியமில்லை, வணக்கம் சொன்னாலே போதும்.

2015 ஜனவரி 27 அன்று இதை வெளியிட்டார்கள். சிவிஇ-2015-0235 என்பது பதிவு எண். 'கெட்ஹோஸ்ட்' என்பதிலிருந்து 'கோஸ்ட்' என்று பேர் வைத்தார்கள். பேய்.

இனிதான் முக்கியமான இடம்.

அந்தக் கூட்டல் தப்பு 2013 மே 21 அன்றே திருத்தப்பட்டுவிட்டது. 2.17-க்கும் 2.18-க்கும் நடுவில், ஜி-லிப்-சி பராமரிப்பாளர்கள் விடுபட்ட நான்காவதைச் சேர்த்துக் கூட்டிவிட்டார்கள். சாதாரணப் பிழையாகப் பார்த்தார்கள், சாதாரணமாகவே திருத்தினார்கள். இது பாதுகாப்புப் பிரச்சினை என்று யாரும் குறிக்கவில்லை.

குறிக்காததால் என்ன ஆச்சு? ரெட் ஹேட், டெபியன் மாதிரி நிறுவனங்கள் சர்வருக்கான லினக்ஸை வெளியிடும்போது லைப்ரரியின் பதிப்பை உறைய வைத்துவிடுவார்கள். பல வருஷத்துக்கு அதே பதிப்புதான். வாடிக்கையாளருக்கு எதுவும் திடீரென்று மாறக் கூடாது, அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள். புதுப் பதிப்பில் வரும் திருத்தங்களில் பாதுகாப்புக்கானது என்று சீட்டு ஒட்டியதைத்தான் முக்கியமாகப் பழையதற்கு எடுத்து வந்து தைப்பார்கள். சீட்டு இல்லாத இந்தத் திருத்தத்தை எடுத்து வரவில்லை. டெபியன் 7, சென்ட்-ஓஎஸ் 6, உபுண்டு 12.04 எல்லாம் ஓட்டையோடு ஓடிக்கொண்டிருந்தன. இதில் எனக்கு வியப்பாக இருந்தது ரெட் ஹேட் 7. அது வெளியானது 2014 ஜூனில். திருத்தம் எழுதி ஒரு வருஷத்துக்கும் மேல். ஆனால் அதில் போட்டிருந்த லைப்ரரி 2.17. புத்தம்புதுசா வந்த பெட்டியில் பழைய ஓட்டை. எண்ணிப் பார்த்தா, திருத்தின நாளிலிருந்து உலகத்துக்குத் தெரிஞ்ச நாள் வரைக்கும் 616 நாள்.

திருத்தணி எல்லை மாறினபோது சட்டம் போட்டாங்க, தேதி குறிச்சாங்க. தபால் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், கோர்ட் எல்லாம் அந்தத் தேதியிலிருந்து மாத்திக்கிட்டாங்க. சும்மா மேப்பை மட்டும் திருத்தி ஒரு அலமாரியில் வச்சிருந்தா? அந்த 616 நாளும் அப்படித்தான் போச்சு.

பராமரிப்பாளர்களைத் திட்ட நான் தயாரில்லை. நாலு பைட், அதுவும் இலக்கம் மட்டும் என்று பார்த்தால் யாருக்கும் 'ஒன்னும் ஆகாது' என்றுதான் தோன்றும். குவாலிஸ் ஆட்கள் அதை ஆயுதமாக்கிக் காட்டிய பிறகுதானே நமக்கே தெரிந்தது? ஒரு பிழை எவ்வளவு ஆபத்தானது என்று திருத்துகிறவரால் பல நேரம் சொல்ல முடியாது. இதற்கு மாற்றாக, எல்லாத் திருத்தத்தையும் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தரப்பு அன்றிலிருந்து வாதாடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. சம்பள நாள் அன்று லைப்ரரி மாறி சாஃப்ட்வேர் படுத்துக்கொண்டால் அதற்குப் பதில் சொல்வது வேறு யாரோ.

அந்த ஜனவரியில் நான் அம்பத்தூர் பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். 28-ஆம் தேதி காலையில் செய்தி வந்தது. இது லைப்ரரி என்பதால் பேட்ச் போட்டால் மட்டும் போதாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் பழைய லைப்ரரியை மெமரியில் பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்ப ஓட்ட வேண்டும், சுருக்கமா சொன்னா ரீபூட். ரீபூட் பண்ண அனுமதி கேட்டா, 'பேட்ச் போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன?'ன்னு பதில் வந்துச்சு. பேட்ச் டிஸ்க்கில் இருக்கு சார், மெமரியில் இல்லைன்னு விளக்கி, சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் காத்திருந்து பண்ணேன். வாடகை சர்வர்களில் சின்னச் சின்னக் கடைகளின் வெப்சைட்டுகளை நடத்த உதவும் சி-பேனல் மென்பொருள் மெயிலுக்கு எக்சிமைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் அந்த வாரம் நம்ம ஊரிலும் நிறைய பேருக்குத் தூக்கமில்லை.

அப்போது எல்லாரும் சொன்ன அறிவுரை, 'கெட்-ஹோஸ்ட்-பை-நேம் பழசு, அதை விடுங்க, கெட்-அட்ரஸ்-இன்ஃபோ பயன்படுத்துங்க.' சரியான அறிவுரைதான்.

13 மாதம் கழித்து, 2016 பிப்ரவரி 16 அன்று, அந்த கெட்-அட்ரஸ்-இன்ஃபோவிலேயே இன்னும் பெரிய ஓட்டை வெளியானது. கூகுளில் ஓர் எஞ்சினியருக்கு, ஒரு குறிப்பிட்ட மெஷினுடன் இணைக்கும்போதெல்லாம் எஸ்.எஸ்.எச். நிரல் விழுந்துகொண்டே இருந்தது. எஸ்.எஸ்.எச்.சில் தப்பு என்று தேடப் போனவர்கள் ஜி-லிப்-சியில் வந்து நின்றார்கள். பதிலுக்கு 2,048 பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பதில் அதைவிடப் பெரிதாக வந்தால் வேறு பெரிய இடம் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டது. ஆனால் சில சூழ்நிலைகளில் புது இடத்தின் அளவைக் குறித்துக்கொண்டு பழைய இடத்திலேயே எழுதியது. புது வீட்டு அளவுக்குக் கட்டில் வாங்கி, பழைய வீட்டுக்கு டெலிவரி எடுத்த மாதிரி. இந்தப் பிழை 2008-ல் வந்த 2.9-லிருந்து இருந்தது. இங்கே வழிவது நாலு பைட் இல்லை, இலக்கம் மட்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை.

கூகுள் ஆட்கள் பராமரிப்பாளர்களிடம் சொல்லப் போனபோது, இதே பிழை 2015 ஜூலையிலிருந்து பிழைப் பட்டியலில் பதிவாகியிருப்பது தெரிந்தது. ரெட் ஹேட்டின் ஃப்ளோரியன் வைமர், கார்லோஸ் ஓடொனெல் இருவரும் தனியாக அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு குழுவும் சேர்ந்து, சத்தமில்லாமல் பேட்ச் தயாரித்து, சத்தமாக வெளியிட்டார்கள். இந்தத் தடவை சீட்டு ஒட்டப்பட்டிருந்தது.

அதோடு நிற்கவில்லை. வீட்டு ரவுட்டர்களிலும், போனில் ஹாட்ஸ்பாட் போடும்போதும் வேலை செய்யும் டி.என்.எஸ்-மாஸ்க் என்ற நிரலில் 2017 அக்டோபரில் கூகுள் ஏழு ஓட்டைகளைச் சொன்னது. 2020 ஜூலையில் விண்டோஸ் டி.என்.எஸ். சர்வரில் 17 வருஷப் பழைய ஓட்டை, செக் பாயிண்ட் நிறுவனம் கண்டுபிடித்தது, ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து. அங்கே நீளத்தைக் கூட்டி வைத்த இடம் 16 பிட், 65,535-க்கு மேல் எண்ண முடியாது. பழைய ஸ்கூட்டர் மீட்டர் சுற்றி வந்து பூஜ்யத்தில் நிற்கிற மாதிரி நின்றது. பெரிய பதிலுக்குச் சின்ன இடம் ஒதுக்கியது. மறுபடி அதே ஃபார்ம், அதே கட்டம்.

நம்ம எழுத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தமிழில் டொமைன் வைக்க முடியும், தெரியும்தானே? .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் மூன்றும் இன்டர்நெட்டின் மூலப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் டொமைன் பேர்களில் நடைமுறையாக அனுமதிப்பது ஆங்கில எழுத்து, இலக்கம், சிறு கோடு மட்டும். அதனால் நம்ம பேரைப் 'ப்யூனிகோடு' என்ற முறையில் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். பத்து எழுத்து, 15 குறி, 45 பைட் என்று முன்னே சொன்னேனே, அந்த மூன்று கணக்கையும் குழப்பாமல் மாற்ற வேண்டும். 2022 நவம்பர் 1 அன்று ஓபன்-எஸ்எஸ்எல் வெளியிட்ட எச்சரிக்கை, ப்யூனிகோடைத் திரும்ப எழுத்தாக்கும் பகுதியில் ஒன்று கூடுதலாக எண்ணிவிட்டதைப் பற்றியது. அது பேரை எண்ணாக்கும் நிரல் இல்லை, சான்றிதழைச் சரிபார்க்கும் நிரல். ஆனாலும் பேர், நீளம், வழிந்தது எவ்வளவு என்று பாருங்க. நாலு பைட்.

கோஸ்ட் வெளியான அதே 2015-ல், மே மாதம், ரஸ்ட் மொழியின் முதல் நிலையான பதிப்பு வந்தது. அதில் 12 கட்டத்தில் 16 எழுத்தை எழுதப் போனால், ஒன்று நிரல் உருவாகும்போதே மறுக்கும், இல்லையென்றால் ஓடும்போது நின்றுவிடும். பக்கத்துக் கட்டத்தைத் தொடாது. தன் மென்பொருளில் வருஷாவருஷம் பதிவாகும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் இந்த மெமரி வகைதான் என்று மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்னது. டி.என்.எஸ். நிரலையும் ரஸ்டில் எழுதியிருக்கிறார்கள், ஹிக்கரி என்று ஒன்று இருக்கிறது. ஆனால் ஜி-லிப்-சி இன்னும் சியில்தான். கெட்-ஹோஸ்ட்-பை-நேம் இன்னும் அதற்குள் இருக்கிறது. கையேட்டில் 'வழக்கொழிந்தது' என்று போட்டிருக்கிறார்கள், எடுக்கவில்லை. எடுத்தால் அதை நம்பி ஓடும் பழைய நிரல்கள் எல்லாம் நின்றுவிடும்.

கடைசியா, நிறைய பேர் கேட்கப்போற கேள்விக்கு இப்பவே பதில் சொல்லிடறேன். உங்க ஆபீஸில் ஏதோ ஒரு மூலையில் பழைய சென்ட்-ஓஎஸ் 7 மெஷின் ஓடுது, லைப்ரரி பதிப்பு 2.17-னு காட்டுது, மாட்டிக்கிட்டோமான்னு கேட்பீங்க. அந்த எண்ணை வச்சுச் சொல்ல முடியாது. திருத்தத்தைப் பழைய பதிப்புக்குள்ளேயே தைக்கறதால 2.17 என்கிற பேர் கடைசி வரைக்கும் மாறாது. அந்தப் பேக்கேஜோட மாற்றக் குறிப்பைத் திறந்து, 2015-0235 என்ற எண் இருக்கான்னு தேடுங்க. இருந்தா தச்சாச்சு. அதுக்கப்புறம் அந்த மெஷினைக் கடைசியா எப்ப ரீபூட் பண்ணாங்கன்னும் ஒரு தடவை பார்த்துடுங்க.